வாடை, சொட்டு, திணறல்: வீட்டில் கட்டிய காரின் பெட்ரோல் லைனில் பிழை தேடும் வழி

சேஸிஸ் வெல்டிங் முடியும், எஞ்சின் உட்காரும், சைலன்சர் பைப்பை வளைப்போம், வயரிங் இழுப்போம். அதற்கெல்லாம் பிறகு மிச்சமிருக்கும் சந்தில் பெட்ரோல் லைனை நுழைப்பதுதான் நம் வழக்கம். வண்டி திணற ஆரம்பித்ததும் பம்ப்பைத் திட்டுவோம், கார்புரேட்டரைப் பிரிப்போம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்போம். லைன் எந்த வழியாகப் போகிறது என்று குனிந்து பார்ப்பது கடைசியில்தான். நியாயமாக அதுதான் முதல் வேலை. கம்பெனி காரில் அந்த வழியை ஒரு குழுவே உட்கார்ந்து யோசித்திருக்கும். நாம் கட்டிய வண்டியில் அந்த யோசனை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு தேடினால் பாதிக் கோளாறு சிக்கிவிடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி: இரும்புக் குழாய் சேஸிஸ், முன்னால் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பின் 1.3 லிட்டர் எஞ்சின், பின்னால் டேங்க், நடுவில் ஆள். கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா (கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிக்கும் முறை) என்பது நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இப்படிக் கட்டிய வண்டிக்குப் பதிவு எண் வாங்கிச் சாலையில் ஓட்ட நம் நாட்டில் வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கிலும் தோட்டத்திலும் ஓட்டுவதற்கான பேச்சு இது.

கை வைப்பதற்கு முன்

பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் அதற்கும் முன்னால் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். தானாக நின்றுவிடும். பிறகு இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். அதைச் செய்யாமல் ஹோஸைக் கழற்றினால் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்துக்குப் பீய்ச்சும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் இந்த வேலையை சர்வீஸ் குழிக்குள் இறங்கிச் செய்யக் கூடாது. ஸ்டாண்டு போட்டு வெட்டவெளியில் செய்யுங்கள். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் இது. கோடை மதியத்தில் சொல்லவே வேண்டாம். கண்ணாடி பல்பு போட்ட கைவிளக்கு வேண்டாம், எல்.இ.டி. டார்ச் போதும். வடிக்கப் பிளாஸ்டிக் வாளி வேண்டாம், தகர டின் வையுங்கள். பக்கத்தில் உலர்பொடி தீயணைப்பான் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

வாடை அடிக்கிறது, சொட்டு எங்கும் இல்லை

வாடை எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

டேங்க் நிரப்பிய அன்று மட்டும், அதுவும் வளைவில் திரும்பும்போது வந்தால் டேங்க்கின் மேல்பக்கத்தைப் பாருங்கள். மிதவை கேஜ் உட்காரும் கேஸ்கெட், நிரப்பும் வாய்க்கும் டேங்க்குக்கும் நடுவே உள்ள பெரிய ஹோஸ், காற்று வழி டியூப் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். காற்று வழி டியூப்பை டேங்க் பக்கத்திலேயே சீட்டுக்குப் பின்னால் முடித்து வைத்திருப்பவர்கள் நிறைய. அது பாடிக்கு வெளியே, சைலன்சரிலிருந்து விலகி முடிய வேண்டும். வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வும் அதில் இருக்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால் அழுத்தம் உள்ள பக்கத்தில் நுண்ணிய கசிவு. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு பம்ப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் பேப்பரில் கறையாகத் தெரியும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் திறந்ததும் குப்பென்று வந்தால், இணைப்புகளும் உலர்ந்திருந்தால், ஹோஸே வேர்க்கிறது. இதை நம்ப மறுப்பவர்கள் உண்டு. மலிவான ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகப் பெட்ரோல் ஆவி ஊடுருவி வெளியே வரும். 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் அறிமுகமானது. இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பதே அதுதான். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய நைட்ரைல் ரப்பர் தாங்காது. உப்பும், மிருதுவாகும், பிறகு காய்ந்து வெடிக்கும். ஹோஸின் ஒரு முனையைக் கொஞ்சம் வெட்டி உள்சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டிக்கொண்டால் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது.

வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 என்ற ஹோஸ் தரக் குறியீட்டுக்குப் பின்னால் ஆர்7 என்றிருந்தால் கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த ஹோஸ். எம்.பி.எஃப்.ஐ.க்கு ஆர்9 வேண்டும். அதன் உள்பூச்சு ஃபுளோரோ ரப்பர் என்பதால் எத்தனாலையும் தாங்கும். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு மட்டும் ஆர்10. டேங்க்குக்குள் ஆர்9 போட்டால் உள்சுவர் தாங்கும், வெளிச்சுவர் கரைந்து பம்ப் வலையை அடைக்கும். அச்சே இல்லாத ஹோஸைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிந்த லெவல் டியூப்பைப் பெட்ரோல் லைனாகப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஓடுவது தெரிகிறதே என்பது காரணம். சில மாதத்தில் மஞ்சளாகி, கட்டையாகி, கிளாம்ப் இருக்கும் இடத்திலேயே முறியும்.

இணைப்பில் ஈரம் அல்லது சொட்டு

இறுக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நான் கழற்றச் சொல்வேன். இறுக்கினால் அடுத்த வாரம் அதே இடம் மறுபடி கசியும்.

ஹோஸ் இணைப்பென்றால் கழற்றியதும் இரும்புக் குழாயின் முனையைப் பாருங்கள். முனையில் வளையம்போல் ஒரு புடைப்பு இருக்க வேண்டும். வெட்டிய மொட்டைக் குழாயில் ஹோஸை மாட்டி எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தத்தில் நழுவும். அடுத்து கிளாம்ப். திருகினால் இறுகும் பட்டைக் கிளாம்ப், பட்டையில் வெட்டு வெட்டாக இருக்குமே, அது ரப்பருக்குள் இறங்கி அறுக்கும். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளில் பெட்ரோல் லைன் கிளாம்ப்புக்கு மூன்று நிபந்தனை உண்டு: முழு வட்டமும் சுற்ற வேண்டும், நட்டு போல்ட்டால் இறுக வேண்டும், ஓரம் உருட்டிவிட்டிருக்க வேண்டும். உங்களைச் சோதிக்க நடுவர் யாரும் வரப்போவதில்லை என்றாலும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் ஒன்றுக்குச் சில பத்து ரூபாய்தான் வித்தியாசம்.

ஸ்கிராப்பில் எடுத்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் நைலான் லைனை அறுத்து அதன்மேல் ரப்பர் ஹோஸை ஏற்றிக் கிளாம்ப் போட்டிருக்கிறீர்களா? நைலான் வழுக்கும், நசுங்கும். அதன் சொந்தக் கிளிப் கனெக்டர் இருந்தால் மட்டுமே அந்த லைனைப் பயன்படுத்தலாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் லைன் வாங்கும்போது இரண்டு பக்கக் கனெக்டரோடு சேர்த்து வாங்குங்கள்.

குழாய் முனையைக் கூம்பாக விரித்து நட்டு போட்ட ஃபிளேர் இணைப்பு கசிந்தால் கோணத்தைச் சந்தேகப்படுங்கள். ஏ.சி. மெக்கானிக்கிடம் கொடுத்து விரித்த குழாய் 45 டிகிரி. ரேசிங் கடையில் வாங்கும் ஏ.என். ஃபிட்டிங் 37 டிகிரி. கால் அங்குலத்திலும் 5/16 அங்குலத்திலும் இரண்டுக்கும் மரை ஒன்றே என்பதால் நட்டு அழகாக ஏறிவிடும். உள்ளே இரண்டு கூம்பும் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அது என்றைக்கும் அடைக்காது. மரையில் வெள்ளை டேப் சுற்றுவதும் வீண். இந்த இணைப்பில் கூம்புதான் அடைக்கிறது, மரை அடைப்பதில்லை. டேப்பின் நூல் பிய்ந்து போய் இன்ஜெக்டரில் உட்காரும். பேஞ்சோ போல்ட் (உள்ளே பெட்ரோல் ஓடத் துளையுள்ள போல்ட்) இணைப்பென்றால் செம்பு வாஷரை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். எம்-சீல் அப்புவதை வேலை என்றே கணக்கில் எடுக்கவில்லை.

செம்புக் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைக்கச் சுலபம், எங்கும் கிடைக்கும். ஆனால் அதிர்வில் செம்பு இறுகிப்போய் ஃபிளேர் கழுத்தில் விரிசல் விடும். அதே கழுத்தில் இரண்டாம் முறை கசிந்தால் அந்த லைனையே தூக்கிவிட்டு, பிரேக் லைனுக்கு வருகிற மாதிரி இரட்டைச் சுவர் எஃகுக் குழாய் போடுங்கள். 8 மி.மீ. போதும்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

நம் வெயிலில் அதிகம் பார்க்கும் நோய் இது. மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். லைனுக்குள் பெட்ரோலே ஆவியாகிக் குமிழாக நிற்கிறது. பம்ப்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது.

முதலில் அது இதுதானா என்று உறுதி செய்யுங்கள். இக்னிஷன் காயிலும் கிராங்க் சென்சாரும் சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும். வண்டி நின்ற உடனே பிளக்கில் ஸ்பார்க் பாருங்கள்; பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், பிளக் ஓட்டையிலிருந்து விலக்கிப் பிடித்து. ஸ்பார்க் இருந்தால், ஈரத் துணியைப் பம்ப்பின் மேலும் எஞ்சின் பக்கத்து லைனின் மேலும் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் ஆவிதான்.

பெட்ரோலின் இலேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் கொதிக்கும். ஜிப்ஸியின் கார்புரேட்டர் எஞ்சினில் பம்ப் எஞ்சின் மேலேயே இருக்கிறது. டேங்க்கிலிருந்து முன்னால் வரை முழு நீளமும் உறிஞ்சும் பக்கம்தான். அந்த நீளத்தில் ஓரடி சைலன்சர் பக்கத்தில் போனாலே போதும். சைலன்சரில் வெப்பத் துணி சுற்றினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். சில நாளைக்குச் சரியாகும். வழியை மாற்றுவதுதான் மருந்து.

எப்படி மாற்றுவது? சைலன்சர் வலப்பக்கம் போனால் லைன் இடப்பக்கம், சேஸிஸின் கீழ்க் குழாயின் உள்பக்க மேல்முகத்தில். கீழ்முகத்தில் ஓட்டினால் கல் அடிக்கும், ஜாக்கி நசுக்கும். சேஸிஸ் குழாய்க்கு உள்ளேயே நுழைத்து மறைப்பது பார்க்க அழகு, ஆனால் அதற்குள் உரசுவதை யாரும் பார்க்க முடியாது. நடுவிலுள்ள புரொப்பெல்லர் ஷாஃப்ட் டனலில் போடுவதை நான் எதிர்க்கிறேன். ஜாயின்ட் உடைந்தால் சுற்றுகிற ஷாஃப்ட் முதலில் அடிப்பது அந்த லைனைத்தான், நீங்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேறு வழியே இல்லை என்றால் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் வளையமும், லைனுக்கு எஃகு மறைப்பும் போட்ட பிறகு செய்யுங்கள். ஃபிளைவீல் சுற்றும் தளத்துக்கு நேராகவும் லைன் போகக் கூடாது.

எலெக்ட்ரிக் பம்ப்பை எப்போதும் டேங்க் பக்கத்தில், டேங்க்கின் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். தள்ளுவது அதற்குச் சுலபம், உறிஞ்சுவது கஷ்டம். முன்னால் வைத்த பம்ப்பைப் பின்னால் கொண்டுபோனதும் ஏர் லாக் காணாமல் போன வண்டிகள் பல. லைனில் மேடு விடாதீர்கள். மேட்டில் குமிழ் தங்கும். கார்புரேட்டருக்கும் மிச்சப் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இருந்தால் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும், சூடாக நேரம் இருக்காது. ஜிப்ஸி பம்ப்பில் ரிட்டர்ன் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடைக்காமல் டேங்க் வரை இழுங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது, மூடியைத் திறந்தால் சரியாகிறது

மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் காற்று வழி அடைத்திருக்கிறது. டியூப் நசுங்கியிருக்கலாம், குளவி கூடு கட்டியிருக்கலாம், ஒருவழி வால்வைத் தலைகீழாக மாட்டியிருக்கலாம். வாயால் ஊதிச் சோதிக்காதீர்கள், சைக்கிள் பம்ப் போதும். பெயின்ட் டப்பா மாதிரி மெல்லிய தகர டேங்க் உள்ளே குழிந்திருந்தாலும் காரணம் இதுவே.

வளைவிலும் பிரேக்கிலும் வெட்டுகிறது

டேங்க் நிறைந்திருக்கும்போது வராமல், பாதிக்குக் கீழே வந்ததும் வந்தால் பெட்ரோல் ஓரமாக ஓடி, உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கிறது. வலது வளைவில் மட்டும் என்றால் உறிஞ்சும் வாய் டேங்க்கின் வலப்பக்கம் இருக்கும், பெட்ரோல் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும்.

கார்புரேட்டர் ஒரு நொடிக் காற்றை மன்னிக்கும், அதன் கிண்ணத்தில் கையிருப்பு உண்டு. எம்.பி.எஃப்.ஐ. மன்னிக்காது. டேங்க்குக்குள் தடுப்புத் தகடு வைப்பது ஒரு வழி. அதற்காக டேங்க்கை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும் என்றால், ஒரு தடவையாவது பெட்ரோல் பார்த்த டேங்க்கை வீட்டில் வெல்டிங் செய்யாதீர்கள். கழுவிக் காயவைத்தாலும் மடிப்பில் ஆவி இருக்கும். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட மோசமாக வெடிக்கும். சுலபமான வழி ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் சின்னத் துணை டேங்க். சாதாரண பம்ப் பெரிய டேங்க்கிலிருந்து அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், உயர் அழுத்த பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கும், எஞ்சினின் ரிட்டர்ன் அதற்கே திரும்பும், வழிவது பெரிய டேங்க்குக்குப் போகும். துணை டேங்க்கை ஆள் உட்காரும் பக்கத்தில் வைக்காதீர்கள். நடுவே எஃகுத் தடுப்பு வேண்டும்.

துணை டேங்க் இல்லாத வண்டியில் ரிட்டர்ன் லைன் டேங்க்கின் மேலிருந்து அருவியாக விழுந்தால் பெட்ரோல் நுரைக்கும். உறிஞ்சும் வாய்க்கு எதிர்ப்பக்கம், மட்டத்துக்குக் கீழே விடுங்கள்.

மெதுவாக ஓடினால் நன்றாக இருக்கிறது, முழு வேகத்தில் மூச்சு வாங்குகிறது

எண்களால் பார்க்க வேண்டிய கோளாறு. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கிட்டத்தட்ட 0.3 லிட்டர் பெட்ரோல் தேவை. 80 குதிரைத்திறன் கொண்ட எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 25 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 400 மில்லி சொச்சம் குடிக்கும். ரிட்டர்ன் லைனைக் கழற்றித் தகர டின்னில் விட்டு, எஞ்சின் ஓடாமல் பம்ப்பை மட்டும் அரை நிமிடம் ஓட்டுங்கள். அரை லிட்டருக்குக் கீழே வந்தால் போதிய கையிருப்பு இல்லை. கூடவே அழுத்தக் கேஜ் வையுங்கள்: எம்.பி.எஃப்.ஐ.க்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 பார், கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் போதும். கார்புரேட்டருக்கு எம்.பி.எஃப்.ஐ. பம்ப் போட்டால் மிதவை ஊசி தாங்காமல் பெட்ரோல் வழிந்து எஞ்சின் மேலேயே கொட்டும்.

அழுத்தம் குறைந்தால் பம்ப்பை மாற்றும் முன் அதன் உறிஞ்சும் பக்கத்தைத் தேடுங்கள். பம்ப் கீச்சென்று கத்தினால் அநேகமாக அங்கேதான். உயர் அழுத்த பம்ப்புக்கு முன்னால் நெருக்கமான காகித ஃபில்டர் இருந்தால் எடுத்துப் பின்னால் போடுங்கள். முன்னால் சல்லடை வலை மட்டும். வளைவில் ஹோஸ் மடிந்திருக்கலாம். உப்பிய பழைய ஹோஸ், பம்ப் இழுக்கும்போது ஈரமான காகித ஸ்ட்ரா மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும்; நின்ற வண்டியில் தொட்டுப் பார்த்தால் நல்லபடியாகவே தெரியும், ஓடும்போது பார்த்தால்தான் பிடிபடும்.

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட்

லைனில் உள்ள பெட்ரோல் ராத்திரியில் டேங்க்குக்குப் பின்வாங்கிவிடுகிறது. பம்ப்பின் ஒருவழி வால்வு போயிருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்று மட்டும் நுழையும் சின்ன இடைவெளி. அந்தப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டாது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அங்குள்ள கிளாம்ப்புகளை மாற்றிப் பாருங்கள்.

எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் ஓடுகிறது

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள். சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்க வேண்டும். எஞ்சின் சுற்றினால் மட்டுமே மறுபடி ஓட வேண்டும். பம்ப்பை நேரே சாவியின் வயரில் இணைத்திருந்தால், மோதலில் லைன் அறுந்து எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலை வெளியே இறைத்துக்கொண்டிருக்கும். ஈ.சி.எம். கட்டுப்படுத்தும் ரிலே வழியாக மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகச் செய்யலாம். கூடவே மோதலில் விழும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் ஸ்கிராப்பில் கிடைக்கும். வாங்கி மாட்டி, கையால் தட்டி, பம்ப் நிற்கிறதா என்று சோதியுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை

அப்படியும் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை முழு லைனையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். பளபளவென்று தேய்ந்த இடம் தெரிந்தால் அங்கே உரசுகிறது. சேஸிஸோடு வரும் லைனை 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப்பால் பிடியுங்கள். பிளாஸ்டிக் டை வெயிலில் முறியும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும் என்பதால் சேஸிஸிலிருந்து எஞ்சினுக்குத் தாவும் இடத்தில் மட்டும் நெகிழும் ஹோஸ், கொஞ்சம் தளர்வோடு. ரேஸ் கொடுத்து எஞ்சின் சாயும்போது அந்த ஹோஸ் இழுபடுகிறதா என்று இன்னொருவரை வைத்துப் பாருங்கள். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பியையும் பெட்ரோல் லைனையும் ஒரே கிளிப்பில் கட்டியிருந்தால் இன்றைக்கே பிரியுங்கள். ஆள் உட்காரும் பகுதிக்குள் ஒரு இணைப்புகூட வேண்டாம், முழுக் குழாயாகவே கடந்து போகட்டும். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட் பேனாவால் நட்டுக்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. ஸ்பேனர் எடுக்காமலே தெரிந்துவிடும்.